தை மாதமே போய்விடலாம்

அடி அண்ணாமலை,
மார்கழி பிறந்து மூன்றாம் நாள்

அன்பு மகள் கவிநிலாவுக்கு, உன் அப்பா சுப்பன் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்து மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. நாலு வரி எழுதினால் விரல் மரத்துவிடுகிறது, உதறிவிட்டு மறுபடி பிடிக்கிறேன். எழுத்தறிவு வகுப்பு அருணாதேவி டீச்சர், பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும். அம்மா வாசல் கடையில் கற்பூரம் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். வீட்டுப்பாடம் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்குக் கடிதம் எழுத வரும் என்று நினைத்தாயா? எனக்கே நம்பிக்கை இல்லை. போன வாரம் கீழ்பென்னாத்தூர் போகிற பஸ்ஸில் வழியிலிருந்த போர்டையெல்லாம் வாய்விட்டுப் படித்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். “பஸ்ஸே திரும்பிப் பாக்குது, வாய மூடிக்கினு படியேன்” என்றாள். வாயை மூடிக்கொண்டு படிக்க எனக்கு இன்னும் வரவில்லை கண்ணு.

நாம் போகப்போகிற லாவோஸ் நாட்டு ஊர், நீ அனுப்பிய லுவாங் பிரபாங் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஆற்றங்கரையில் நாற்காலி போட்டு ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே, அந்தப் படம்தான் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. “ஆருக்கும் அவசரமே இல்ல பாரேன், இந்த ஊர்தான் நமக்கு லாயக்கு” என்றாள். சாமியார்கள் விடியற்காலையில் வரிசையாக வந்து சோறு வாங்குவதைப் பார்த்து, நம்மூர் சாமியார்கள் மாதிரி முந்திக்கொண்டு சண்டை போட மாட்டார்களா என்று கேட்டாள். ஊர் நடுவே இருக்கிற சின்ன மலையைக் காட்டியதும், “மலைய வுட்டுட்டுப் போறோம்னு பாத்தா அங்கயும் மலையா” என்று சிரித்தாள். ஆனால் போக வேண்டும் என்று முதலில் சொன்னவள் அவள்தான். கடையில் உட்கார்ந்து அவள் சொன்னது உனக்கும் தெரியும். “ஊருலகமெல்லாம் நம்ம வாசல்ல நடந்து போயி பாத்துட்டு வருது. நாம எங்கியாச்சும் போயி நின்னு பாத்திருக்கமா?”

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது பாஸ்போர்ட் பேச்சை எடுத்தவன் நான்தான். அதில் என் கட்டைவிரல் ரேகை இருக்கிறது, இப்போது கையெழுத்துப் போடத் தெரிந்துவிட்டது, அங்கே இறங்கியதும் கொடுக்கிற தாளில் எதை வைப்பது என்று கேட்டேன். எல்லாம் அருள்ராஜ் கிளப்பிவிட்ட பயம். அவன் ஆட்டோவில் போகும்போது பெருமையாகச் சொல்லிவிட்டேன். “ரேகை வெச்சவரு கையெழுத்து போட்டா, ஆளு மாறிட்டான்னு உள்ள தள்ளிடுவான் பெரியவரே” என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. நீ என் பயத்தைப் பார்த்து, அப்படியானால் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு வைகாசியில் போகலாம் அப்பா என்று சொல்லிவிட்டாய். போனைச் சத்தமாக வைத்திருந்தேன். அம்மா பக்கத்தில் இருந்தாள். அதனால் சரி என்று சொன்னேன்.

சரி இல்லை கண்ணு. வைகாசி வேண்டாம்.

அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். டவுன் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து வாங்க அவளைப் பக்கத்து வீட்டு எல்லம்மாளோடு அனுப்பிவிட்டு டாக்டர் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஜாஸ்தியாம். நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறதாம். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். இடது கண்ணில் நடுவே கொஞ்சம் தெரிகிறது, அதுவும் கம்மியாகிக்கொண்டு வருகிறது. மருந்து விட்டால் சில மாதம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம், போன பார்வை திரும்பாது என்றார். நீ அனுப்பும் படத்தைக்கூட அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துத் துண்டு துண்டாக நகர்த்தித்தான் பார்க்கிறாள்.

டாக்டர் சொன்னதை நான் பாதிதான் நம்பினேன். தீபத்தன்று நம்பிவிட்டேன். வாசலில் நின்றிருந்தோம். மலை உச்சியில் தீபம் ஏறிவிட்டது, ஊரே அரோகரா என்று கத்துகிறது. அம்மா கைகூப்பியபடி தீபத்துக்குப் பக்கத்து இருட்டைப் பார்த்துக்கொண்டு, “ஏத்திட்டாங்களா?” என்று என்னை மெதுவாகக் கேட்டாள். ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லி, நான் விழுந்து கும்பிடுவது போலக் குனிந்துகொண்டேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவளிடம் பேசவே பயமாக இருக்கிறது. சமைக்கும்போது அடுப்புப் பக்கத்திலேயே நிற்கிறேன். “ஏன்யா காலச் சுத்திக்கினே கீற” என்று திட்டுகிறாள்.

அதனால் டிக்கெட்டைத் தள்ளி வைக்காதே. நாம் பேசியபடி தை மாதமே போய்விடலாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன். கட்டைவிரலையே வைக்கிறேன். மை எங்கே இருக்கிறது என்று மட்டும் அந்த ஊர்க்காரரிடம் கேட்டு வை. கையெழுத்து எங்கும் ஓடிப்போகாது, உனக்குக் கடிதம் எழுத இருக்கிறது.

ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. நான் மெட்ராஸ் தாண்டிப் போனதில்லை. நீ பாங்காக்கில் வந்து சேர்கிற வரைக்கும் அவள் கையை விட மாட்டேன், அது உறுதி. லுவாங் பிரபாங்கில் இறங்கியதும் நீயும் அம்மாவும் வரிசையில் முன்னால் நில்லுங்கள். நான் உங்களுக்குப் பின்னால் வருகிறேன். அந்த அதிகாரி என் விரலைப் பார்த்து முகம் சுளித்து என்னை உட்கார வைத்தால், நீ எனக்காக நிற்காதே. அப்பா பின்னால் வருகிறார் என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடு. அவள் நிற்பாள், திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவு தூரத்தில் நான் அவளுக்குத் தெரிய மாட்டேன். நீ அவளை நடத்திக்கொண்டு போ. ஆற்றைக் காட்டு. பச்சையாகத் தண்ணீர் கொட்டுகிற அருவியைக் காட்டு. அவசரப்படுத்தாதே, ஒவ்வொன்றிலும் அவள் போதும் என்று சொல்லும்வரை நில்லுங்கள். உன் முகத்தையும் கிட்டே கொண்டுபோய்க் காட்டு.

இந்தக் கடிதம் வந்தது என்று போனில் சொல்லாதே. தை மாதம் எந்தத் தேதி என்று மட்டும் சத்தமாகச் சொல், அம்மா கேட்கட்டும். அடுத்த வாரமும் உனக்கு எழுதுவேன். அதை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து வாய்விட்டுப் படித்தபடி எழுதுவேன், ஊர்க்கதை மட்டும்தான் இருக்கும். இதில் இருப்பது எதுவும் அதில் இருக்காது. தேடாதே.

நீ நூறு வயது நல்ல கண்ணோடு இருக்க வேண்டும்.

உன் அப்பா
சுப்பன்