ஐம்பத்திரண்டாவது நிமிடம்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

‘உப்பளத்து மாளிகை’ படத்தில் பேய் முதலில் தோன்றுவது ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில். சொன்னவர் தருவைகுளம் முத்துச்செல்வி டீச்சர். கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்திருக்கிறார்.

ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்று நாங்கள் நினைத்திருந்த படம் இது. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேசட்டில் கிடந்திருக்கிறது. பெயிண்ட் கடை பால்துரை அதைக் கணினிக்கு மாற்றி, எங்கள் ‘பழம்படம் பேசுவோம்’ வாட்ஸப் குழுவில் போன வாரம் போட்டார். அன்றிலிருந்து குழுவில் வேறு பேச்சே இல்லை.

இன்று காலை டீச்சர் கேட்டிருக்கிறார்: ‘அண்ணாச்சி, உங்க செய்தியில சுடலைக்கண்ணு இறந்தது மாலை 6.50ன்னு இருக்கு. காட்சி ஆரம்பிக்கிறதே ஆறரைக்கு. பேய் வர ஏழு இருபத்திரண்டு ஆயிடுமே. வராத பேயைப் பார்த்து எப்படிச் செத்தார்?’

பகுதிநேர நிருபராக நான் எழுதிய அந்தச் செய்தி 1976 பிப்ரவரியில் வந்தது. ‘பேய்ப் படம் பார்த்த துறைமுகத் தொழிலாளி அதிர்ச்சியில் மரணம். கிணற்றிலிருந்து பேய் எழும் காட்சியில் அலறிச் சரிந்தார்.’ குழுவின் முகப்புப் படமே அந்தச் செய்தித் துண்டுதான். பால்துரை அதைச் சட்டம் போட்டுக் கடையிலும் மாட்டியிருக்கிறார்.

நேரத்தைப் பிசகாமல் எழுதுவது என் பழக்கம். பொய்ச் செய்தியிலும் அந்த ஒன்றை மட்டும் பிசகாமல் எழுதியிருக்கிறேன்.

பதில் போட்டேன்: ‘அந்தக் காலத்தில் ஆபரேட்டர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக ரீலைத் தாண்டிப் போடுவார்கள் டீச்சர். அன்றும் அப்படித்தான்.’ பதினேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

அன்றைய ஆபரேட்டர் ஜெயசிங். அவரும் குழுவில் இருக்கிறார்.

13 ஆகஸ்ட், புதன்

ஜெயசிங் ஒன்றும் எழுதவில்லை. படித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

பால்துரை கடையின் மாடியில், சுவரில் வேட்டி கட்டிப் படத்தைப் போட்டோம். இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள்.

பால்துரைக்குப் பேய் வருவதற்கு முந்தைய அமைதிதான் பிடித்திருக்கிறது. “இப்போ உள்ளவன் சத்தத்தைப் போட்டுக் காதைக் கிழிக்கான். அது பயமில்ல அண்ணாச்சி, தலைவலி” என்றார். டீச்சர் விடவில்லை. “செத்து இருபது வருஷமான பேய்க்குத் தலை நிறைய மல்லிகைப்பூ. யாரு கட்டிக் குடுத்தா?” எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசிங் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “பவுடர் அப்பின மூஞ்சியைக் கறுப்பு வெள்ளையிலதான் நம்பலாம். கலர் வந்ததும் பேய் போயிட்டு.”

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் கிணறு வந்தது. இரண்டு மூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மரியாதையாக.

இறங்கும்போது படியில் ஜெயசிங் நின்றார்.

“வேய் சங்கரலிங்கம், நான் ரீலைத் தாண்டிப் போட்டேனா?”

பின்னால் யாராவது இறங்கி வருகிறார்களா என்று பார்த்தேன்.

“முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டர். கரண்டு போனாக்கூட விட்ட இடத்துலேருந்துதான் போடுவேன். அன்னைக்கு விளம்பர ஸ்லைடு போட்டுக்கிட்டு இருந்தேன். ஓட்டை வழியாப் பாக்கேன், கீழ ஆளைத் தூக்கிட்டுப் போறாவ. படமே ஆரம்பிக்கல. உமக்கும் தெரியும்.”

“தெரியும். நீங்க ஏன் இத்தனை வருஷமாச் சொல்லல?”

“தியேட்டர் மேனேஜர் வாயைத் திறக்கக்கூடாதுன்னாரு. எனக்குப் பொழப்பு இருந்துச்சு. உமக்கு என்ன இருந்துச்சு?”

18 ஆகஸ்ட், திங்கள்

அலமாரியின் அடித்தட்டில் 1976 குறிப்பேடு கிடைத்தது. தொலைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது.

‘6.35 – ஸ்லைடு ஓடும்போது சாய்ந்தார். மதியம் முதல் நெஞ்சில் வலி (உடன் வந்த தொழிலாளி). 6.50 – மரணம் உறுதி (டாக்டர்).’ அதற்குக் கீழே மேனேஜர் சொன்னது, அடிக்கோடிட்டு: ‘பேயைப் பார்த்துன்னு போடுங்க தம்பி. முதல் பக்கம் வரும்.’

வந்தது. மூன்று மாதத்தில் என்னை முழுநேர நிருபராக்கினார்கள். தியேட்டர் வாசலில் ஒரு ஆம்புலன்சை நிறுத்திவைத்துப் படத்தை எழுபத்தைந்து நாள் ஓட்டினார்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். இருபத்திரண்டு வயதில் என்ன தெரியாது? ஸ்லைடு எது, படம் எது என்று தெரியாதா?

21 ஆகஸ்ட், வியாழன்

பால்துரை போன் செய்தார். குரலில் அவ்வளவு உற்சாகம். “அண்ணாச்சி, யாரு வந்திருக்கான்னு நினைக்கீங்க? சுடலைக்கண்ணு மக. சாகுபுரத்துல இருக்காவ. பெயிண்ட் வாங்க வந்தவுக, சுவத்துல நம்ம பேப்பரைப் பாத்துட்டு நின்னுட்டாவ. பேசுங்க.”

பெயர் சண்முகசுந்தரி. அப்பா போகும்போது எட்டு வயது.

“ஐயா, நேர்ல விசாரிச்சவுக நீங்கதானாம். அம்மாவுக்கு எண்பத்தொண்ணு ஆகுது. ஒரு தடவை கேட்டுச் சொல்லுளான்னு அடிக்கடி சொல்லுதா. அப்பா ரொம்பப் பயந்தா போனாவ?”

நான் எதுவும் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். பேய் அடித்துச் செத்தவர் படம் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். சுடலைக்கண்ணுவின் ஒரே புகைப்படம் நாற்பத்தொன்பது வருடமாகப் பெட்டியில், துணிக்கு அடியில் கிடக்கிறது. வருடா வருடம் அவருக்குப் படைக்கும் இலையைக்கூட வெளியே வேலி ஓரத்தில்தான் போடுகிறார்கள்.

“அது ரொம்பக் காலமாச்சும்மா” என்றேன். “பாத்துச் சொல்லுதேன்.”

எதைப் பார்த்து? குறிப்பேடு மேசைமேல்தான் இருந்தது. கையெட்டும் தூரம். சொல்லியிருக்கலாம்லா. ஏன் சொல்லல?

22 ஆகஸ்ட், வெள்ளி

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். போனில் சொல்கிற விஷயமா இது?

24 ஆகஸ்ட், ஞாயிறு

காலை பஸ்ஸில் சாகுபுரம் போனேன். குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் புதுப் பெயிண்ட் வாசனை. சண்முகசுந்தரி காபி கொண்டுவந்தார். நான் குடிப்பதற்கு முன்னாலேயே சொன்னேன். குடித்துவிட்டுச் சொன்னால் அது இன்னொரு தப்பு மாதிரி இருந்தது.

பக்கத்தைத் திறந்து, மணி மணியாக வாசித்துக் காட்டினேன். அவர் கையில் வாங்கி, மேனேஜர் சொன்ன வரியில் விரலை வைத்தார்.

“அப்போ அப்பா பேயைப் பாக்கவே இல்லையா?”

“பேய் வரவே இல்லம்மா. திரையில சோப்பு விளம்பரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

“இது உங்களுக்கு அன்னைக்கே தெரியும்.”

“தெரியும்.”

உள்ளறைக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. சுடலைக்கண்ணுவின் மனைவி தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

“ஏளா, என்ன சொல்லுதாரு?”

மகள் அருகில் போய்ச் சத்தமாகச் சொன்னார்.

“நான் சொன்னேம்லா. மத்தியானமே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுதான் சோறு தின்னாவ. அவிய பயப்படுத ஆளா? யாரு கேட்டா? பேப்பர்லயே போட்டிருக்குன்னுட்டாவ.”

மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சண்முகசுந்தரி குறிப்பேட்டின் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, என்னிடம் திருப்பித் தந்தார். வாசல்வரை வந்தார். “காபி ஆறிட்டு” என்றார்.

25 ஆகஸ்ட், திங்கள்

குழுவில் எழுதினேன். ஸ்லைடு, நெஞ்சுவலி, மேனேஜர், நான். கடைசியில்: ‘ஜெயசிங் ரீலைத் தாண்டிப் போடவில்லை. அதுவும் நான் இந்த மாதம் சொன்ன பொய்.’

இந்த முறை கட்டைவிரல் வரவில்லை. நான்கு பேர் விலகினார்கள். டீச்சர் ‘நன்றி அண்ணாச்சி’ என்று மட்டும் போட்டார். அதன் அர்த்தத்தை நான் தேடவில்லை.

பால்துரை நேரிலேயே வந்துவிட்டார். “நம்ம ஊருக்குன்னு இருந்தது ஒரே ஒரு பேய். அதையும் கொன்னுட்டீங்களே” என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “அந்தப் பிள்ளைகிட்ட பெருமையா வேற காட்டிட்டேன் அண்ணாச்சி.” சுவரிலிருந்து அந்தச் செய்தித் துண்டைக் கழற்றிவிடச் சொன்னேன். மறுத்தார். “திருத்தம் அச்சுல வரட்டும். பேப்பர் சொன்னதைப் பேப்பர்தான் மாத்தணும். ரெண்டையும் சேத்து மாட்டுதேன்.”

சாயங்காலம் ஜெயசிங்கிடமிருந்து ஒரு வரி: ‘ஞாயித்துக்கிழமை படம் போட ஆபரேட்டர் வேணும்னா சொல்லும்.’

27 ஆகஸ்ட், புதன்

பத்திரிகை ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். என் மகன் வயது. “நாற்பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின செய்திக்குத் திருத்தமா சார்? மறுப்புக் கேட்டு யாராவது நோட்டீஸ் அனுப்பியிருக்காங்களா?” இல்லை என்றேன். குறிப்பேட்டை இரண்டு முறை வாசித்தார். உள்பக்கத்தில் நாலு வரி தருவதாகச் சொன்னார். முதல் பக்கத்தில் வந்த செய்தி என்று சொல்லிப் பார்த்தேன். நிர்வாகத்திடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

மத்தியானம் சண்முகசுந்தரி ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். ஓரம் கரையான் அரித்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் சற்றுத் தள்ளி யாரையோ பார்த்துச் சிரிக்கிற முப்பத்தைந்து வயது ஆள். மூன்று பத்தி எழுதிய நான் இன்றுதான் அந்த முகத்தைப் பார்க்கிறேன்.

கீழே: ‘கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருக்கு. அம்மா கட்டிலுக்கு நேரா ஆணி அடிச்சாச்சு.’

நிலுவையில் இருப்பவை: திருத்தம், ஞாயிறு 31ஆம் தேதி, எந்தப் பக்கம் என்று சனிக்கிழமை தெரியும். புகைப்படம், சட்டம் போட்டு வருவது வெள்ளி மாலை.