மூலைக்கு ரெண்டு ஏலக்காய்

போடி,
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்பு மகள் ஜாக்குலினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே நானும் அப்பாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் காலையில் முழங்கால் போட்டுக் கேட்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர நாலு நாளாக எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போனால் மிஷின் ஞாபகம், மிஷினுக்கு வந்தால் அடுப்பு ஞாபகம், நேற்று ரசத்துக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டு அப்பா வாயில் வைத்ததும் என்னைப் பார்த்தார், மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு ஜோசப் அண்ணன் மகன் விஜயராஜ் நாளை விடிய அங்கே கிளம்புகிறான், அவன் கொண்டுவரும் பையைப் பிரித்ததும் நான் பிள்ளைக்குத் தைத்த விரிப்பை நீ தேடுவாய், அது இதில் இல்லை. ஏன் இல்லை என்று போனில் சொல்லத்தான் புதன்கிழமை கூப்பிட்டேன், நீ ஆஸ்பத்திரி டூட்டி முடித்து வந்து கால் வீங்கிக் கிடக்கிறேன் என்றாய், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன்.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும், நல்லபடியாகப் பிள்ளை பெற்றவள் உடுத்திப் பழசான சேலைதான் முதலில் மேலே படவேண்டும் என்று நம் பக்கத்தில் சொல்வது உனக்குத் தெரியும். அப்பாவின் ஏலக்காய்க் கடைக்கு ராசிங்காபுரத்திலிருந்து காய் பொறுக்க வருகிறாளே கருப்பம்மாள், ஐந்து பெற்று ஐந்தும் குத்துக்கல் மாதிரி இருக்கிறது, அவளிடம் ரெண்டு நூல்சேலை கேட்டு வாங்கினேன். அதில் ஒன்றை மடித்து உள்ளே வைத்து, மேலேயும் கீழேயும் என் பழைய சுங்குடிச் சேலையைக் கொடுத்து, கட்டம் கட்டமாக மிஷினில் தைத்தேன். போர்த்துவதற்கு இல்லை, கீழே விரிக்கத்தான், பிள்ளை தூங்கும் இடத்தில் கனத்த துணி போர்த்தக் கூடாது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஜெயபாக்கியம் இல்லையே. அந்த ஊரில் பிள்ளைக்கு நம் வீட்டு வாசனை எங்கே கிடைக்கப்போகிறது என்று நினைத்து, அப்பா கடையிலிருந்து நல்ல பச்சைக் காயாக எடுத்துவந்து மூலைக்கு ரெண்டு ஏலக்காயை உள்ளே வைத்து ஓரம் அடித்தேன். மூன்று மூலை முடிந்தது. நாலாவது மூலையில் ஊசி காய் மேலே ஏறி டப் என்று உடைந்தது.

மிஷின் ஊசி உடைந்தால் ரெண்டு துண்டும் கைக்கு வந்த பிறகுதான் அடுத்த ஊசி மாட்டவேண்டும், சர்ச் தையல் வகுப்பில் முதல் நாள் கற்றுக்கொண்டது, முப்பது வருஷமாக நான் அதைத் தப்பியதே இல்லை. திங்கட்கிழமை தப்பினேன். அந்த நேரம் பார்த்து ஜோசப் அண்ணன் வீட்டு அண்ணி வாசலில் வந்து நின்றுகொண்டு, மெட்டு மலைப்பாதையில மழைக்குப் பாறை விழுகுதாம், பய ஒரு நாள் முன்னாடியே கொச்சிக்குக் கிளம்புறான், பெட்டியை எடை போடணும், வெரசாக் கொண்டா என்று நச்சரித்தாள். மேல் துண்டு மிஷினிலேயே இருந்தது. முனையைக் காணோம், தரையில்தான் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேறு ஊசி மாட்டி அடித்து, மடித்து, கொடுத்தும்விட்டேன். மறுநாள் கூட்டிப் பெருக்கும்போது முறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன், முனை இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையின் முதுகுதான் கண்ணில் வந்தது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறக்கச் சொல்லி விரிப்பை வாங்கிக்கொண்டு வந்தேன், அண்ணிக்கு என் மேல் கோபம், இருக்கட்டும்.

அப்பா பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்துத் தந்தார். அதை விரிப்பு மேலே இழுத்தால் ஒரு குண்டூசி வந்தது, ஒரு ஜாக்கெட் கொக்கி வந்தது, முனை வரவில்லை. எனக்கு நிம்மதி வரும் என்று பார்த்தால் பயம் ரெண்டு பங்காகிவிட்டது, அந்தக் குண்டூசி உள்ளே கிடந்ததே எனக்குத் தெரியாதே, தெரியாமல்தானே தைத்திருக்கிறேன். பிறகு பிரிக்க ஆரம்பித்தேன். ஒரு கட்டம் பிரித்து விரலால் தடவுவது, அடுத்த கட்டம் பிரிப்பது, இப்படியே ரெண்டு நாள். ஒரு முனைக்கு ஊரையே பிரிச்சுப் போட்டுருவே போல என்று அப்பா கேலி பேசுகிறார், பேசுகிறவர் வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார். இன்று காலை கருப்பம்மாள் வந்து இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். எதுக்கு ஆத்தா இந்தப் பாடு, எம்பிள்ளைக எல்லாம் முழுச் சேலையை மடிச்சுப் போட்டுத்தானே வளந்துச்சுக, தைக்காத துணியில ஊசி எங்கிட்டு வரும் என்றாள். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி, உனக்கு விசா வந்து மாசம் ஒண்ணு ஆச்சாமே, நீ போகாம விரிப்பை மட்டும் எதுக்கு அனுப்புறே என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

ஜாக்குலின், மாப்பிள்ளை டிக்கெட் போடட்டுமா அத்தை என்று கேட்கும்போதெல்லாம் பார்ப்போம் பார்ப்போம் என்று தட்டிக்கழித்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை, யார் சமைப்பது என்றேன், விமானம் பயம் என்றேன். அதெல்லாம் பாதிதான். ஐந்தாம் மாதத்தில் நான் உரை மருந்து, வசம்பு என்று பேச ஆரம்பித்தபோது, அதெல்லாம் இங்க கூடாதும்மா என்று நீ ஒரே வார்த்தையில் முடித்தாய். நீ நர்ஸ், நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் எனக்கு வலித்தது. பெற்றவளுக்கு அங்கே என்ன வேலை, தப்பாக எதையாவது செய்து மாப்பிள்ளை முன்னால் உன்னிடம் பேச்சு வாங்குவதைவிட இங்கேயே இருந்து எதையாவது தைத்து அனுப்புவோம் என்று வீம்பாக இருந்தேன். அனுப்பப்போன லட்சணத்தைத்தான் பார்த்தாயே. இங்கே உட்கார்ந்துகொண்டு இனி நான் எதை அனுப்பினாலும் இப்படித்தான், அது போய்ச் சேரும் வரைக்கும் நானே அதைப் பிரித்துப் பிரித்துத் தடவிக்கொண்டிருப்பேன். என்னால் முடியாது, மகளே. எனக்கு உன் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அதனால் மாப்பிள்ளையை டிக்கெட் போடச் சொல். நான் வர்றேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், எனக்குக் கஞ்சி வைக்கத் தெரியும், நீ போற சோலியைப் பாரு என்றார், மூஞ்சியைப் பார்த்தால் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கிறது. வந்தால் உன்னைக் கேட்காமல் பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கமாட்டேன், வசம்பைத் தொடமாட்டேன், ஆனால் உனக்கு நான் வைக்கிற பூண்டுக் குழம்பை நீ ஒன்றும் சொல்லாமல் சாப்பிடவேண்டும், அதற்கு உன் படிப்பைக் கொண்டுவராதே. இந்தப் பையில் கருப்பம்மாளின் ரெண்டாவது சேலை இருக்கிறது, வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்தது, வெட்டவில்லை, தைக்கவில்லை, தலைப்பில் இருந்த முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்த்துவிட்டேன். ஒருவேளை பிள்ளை எனக்கு முந்திக்கொண்டால் அதை நாலாக மடித்துச் சுருக்கம் இல்லாமல் இழுத்து விரி. பருப்புப் பொடியும் பூண்டுப் பொடியும் தனித்தனிப் பொட்டலம், பூண்டுப் பொடியில் காரம் குறைவாகத்தான் போட்டிருக்கிறேன், சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடு. நின்றுகொண்டே வேலை பார்க்காதே, இடையில் ஐந்து நிமிஷம் காலை உயர்த்தி வை.

முனை இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும். பிரித்த துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன், ஏலக்காயை எடுத்து அப்பாவுக்கு டீயில் தட்டிப் போட்டாயிற்று. உன் வீட்டில் வந்து, வெளிச்சத்தில் உட்கார்ந்து, நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையால் தைக்கிறேன்.

உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளையையும் கர்த்தர் தம் கைக்குள்ளே வைத்துக்கொள்ளட்டும். ஒன்றே ஒன்று, மறக்காமல் விசாரித்துச் சொல், விமானத்தில் ஊசி கொண்டுவர விடுவார்களா?

உன் வரவு பார்த்தது போதும் என்று தானே கிளம்பிவிட்ட
அம்மா
ஜெயபாக்கியம் சின்னத்துரை