லுஜைனை அனுப்புவதா வேண்டாமா

அஜ்லூன், ஜோர்தான்,
செப்டம்பர், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஸவ்ஸனுக்கு உன் உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனது எப்படி என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மருமகனும் குழந்தையும் சுகம்தானே, அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய், பிள்ளையின் காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் "உம்மா, இங்க ஸ்வீடன்ல எல்லாம் பிள்ளைங்கள இப்படிப் பொத்திப் பொத்தி வைக்க மாட்டாங்க" என்று நீ ஆரம்பித்துவிடுகிறாய், பின்னாலிருந்து உன் வாப்பா "சொல்லு, நல்லா சொல்லு உன் உம்மாக்கு" என்கிறார், நடுவில் நான் சொல்ல வந்தது போய்விடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் முழுதும் படி, படித்து முடிக்கும் முன் போன் செய்யாதே.

உன் தங்கச்சி லுஜைன் பொதுத்தேர்வில் வாங்கிய மதிப்பெண் உனக்குத் தெரியும். அன்றைக்கு உன் வாப்பா செய்த கூத்து தெரியுமா. தெரு முழுக்க குனாஃபா இனிப்புத் தட்டு கொடுத்து, எதிர்வீட்டுப் பையன்களை வெடி வெடிக்க வைத்து, மறுநாள் கோழிக்கடையில் உன் பெயர் போட்டிருந்த பலகையை இறக்கிவிட்டு 'லுஜைன் கோழிக்கடை' என்று புதுப்பலகை மாட்டிவிட்டார். இருபது வருடமாகத் தொங்கிய பலகை, நீ கோபித்துக்கொள்வாய் என்று யோசிக்கவே இல்லை. கோழி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "பதினஞ்சு வயசு நிறையல, யூனிவர்சிட்டி கூப்பிட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே வெட்டுகிறார், ஒருநாள் விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டார், எங்கள் சுகாதார நிலையத்தில் தையல் போட்டவள் நான்தான். பள்ளிக்கூடம் அவளை இரண்டாம் வகுப்பிலிருந்து நான்காவதுக்குத் தூக்கியது, பிறகும் இரண்டு தடவை தூக்கியது, ஒவ்வொரு தடவையும் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் போன குளிர்காலத்தில்தான் பெரியவளானாள் ஸவ்ஸன். ரோடு தாண்டும்போது இன்னும் என் சட்டைக் கையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். இந்தப் பிள்ளையை இருபது வயதுப் பையன்களோடும் பெண்களோடும் இர்பித் யூனிவர்சிட்டியில் கொண்டுபோய் உட்கார வைக்கலாமா என்று நான் கேட்டால், பொறாமை பிடித்த மாமியார் மாதிரி என்னைப் பார்க்கிறார்கள்.

யூனிவர்சிட்டிக்காரர்களுக்கே கொஞ்சம் தயக்கம் இருந்திருக்கிறது. வயது குறைவு என்பதால் ஆகஸ்டில் அவர்கள் நடத்தும் ஒரு மாதக் கணக்கு வகுப்பில் உட்காரட்டும், பார்த்துவிட்டு கமிட்டி முடிவு செய்யும் என்றார்கள். முதல் வாரம் நான் சுகாதார நிலையத்தில் லீவு போட்டுவிட்டு அவளோடு பஸ்ஸில் போய், வகுப்பு முடியும்வரை பெண்கள் தொழும் அறையில் உட்கார்ந்திருந்தேன். தினமும் ஒரே பதில்தான், "நல்லா இருந்துச்சு உம்மா", அதற்குமேல் ஒரு சொல் வராது. இரண்டாவது வாரம் உன் வாப்பா "பிள்ள மானத்த வாங்காத, அவ தனியா போகட்டும்" என்று என்னை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் அவள் முகமே மாறியது. வீட்டுக்கு வந்ததும் வாயை மூடாமல் பேசினாள். ரவன்த் என்று ஒருத்தி, அவளோடு இன்னும் இரண்டு பேர், மூன்று பேரும் இவளைத் தங்களோடு கேன்டீனில் உட்கார வைத்துக்கொள்கிறார்களாம், ஃபலாஃபில் ரொட்டி வாங்கித் தருகிறார்களாம், தலை பின்னிவிடுகிறார்களாம். ஒருநாள் நகத்தில் சாயம் பூசிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் ஒரு பிள்ளை இவளை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று அந்த வாரம் உன் வாப்பாவிடம் வாயைத் திறக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் கடைசியில் எங்கள் இருவரையும் வரச் சொன்னார்கள். ஒரு நீள மேசை, கமிட்டிக்காரர்கள் நாலு பேர், பாடம் நடத்துகிற டாக்டர் ஹாஸிம் என்பவர். அவர் நாலு தாள்களை எங்கள் முன்னால் பரப்பினார். ஒன்று லுஜைனுடைய வீட்டுப்பாடம், மற்ற மூன்றும் அந்த மூன்று பெண்களுடையவை. நாலையும் போட்டது நம் பிள்ளை. ஒரே மாதிரி இருந்தால் பிடிபடும் என்று நாலு பேருக்கும் நாலு வேறு வழியில் போட்டிருக்கிறாள். அதனாலேயே பிடிபட்டாள். "அந்த மூணு பொண்ணுங்களுக்கும் ஒரு வழிகூடத் தெரியாதும்மா, நாலாவது வழி எனக்கே கொஞ்ச நேரம் பிடிபடல" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். உன் வாப்பாவும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். நாலு பேருக்கும் அந்தப் பாடத்துக்கு பூஜ்யம், எச்சரிக்கையோடு விடுகிறோம், மற்றபடி இவ்வளவு தெரிந்த பிள்ளையைச் சேர்ப்பதில் தடை ஒன்றும் இல்லை, பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஒரு பிள்ளைய மூணு பேர் ஏமாத்தி வேலை வாங்கியிருக்காங்க, நீங்க கணக்கு எவ்வளவு நல்லா போட்டாள்னு பாக்கறீங்க" என்றேன். கமிட்டித் தலைவர் "அவளா செஞ்சு குடுத்தாள்னு அந்தப் பொண்ணுங்க சொல்றாங்க" என்றார். லுஜைன் நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

டாக்ஸியில் திரும்பி வரும்போது வாப்பா முன்சீட்டில் டிரைவரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார், நாங்கள் பின்னால். ஏன் செய்தாய் என்று கேட்டேன். அவர்கள் உன்னை ஏமாற்றுவதுகூடப் புரியவில்லையா, இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம் என்று கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குத் தெரியும் உம்மா. முதல் நாளே தெரியும். நான் கணக்குப் போட்டுக் குடுக்கலன்னா பக்கத்துல உக்கார மாட்டாங்கன்னு தெரியும். கணக்கு எனக்கு கஷ்டம் இல்ல, தனியா சாப்பிடறதுதான் கஷ்டம், அதனால போட்டுக் குடுத்தேன்." அழாமல் சொன்னாள். 

மறுநாள் அவள் போகமாட்டாள் என்று நினைத்தேன். காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சாயங்காலம் வந்து சொன்னாள், ரவன்த் மறுபடியும் தாளை நீட்டினாளாம், இவள் "நீங்க போடுங்க, நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரேன்" என்றிருக்கிறாள், அவர்கள் மூன்று பேரும் வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். "அப்புறம் என்ன பண்ணினே" என்றேன். "சாப்பிட்டேன்" என்றாள். "தனியாவா" என்றேன். "வேற எப்படி" என்றாள். மீதி நாட்களும் அப்படித்தான். நகத்துச் சாயத்தைத் தானே சுரண்டி எடுத்துவிட்டாள்.

ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும் என்று நான் சொன்னதற்கு நீ போனில் என்னைக் கிணற்றுத் தவளை என்றாய், நினைவிருக்கிறதா. எனக்கு மட்டும் அவளை வீட்டில் பூட்டி வைக்க ஆசையா. பள்ளிக்கூடத்துக்கே போய்க் கேட்டேன். தலைமையாசிரியை இப்திஹாஜ் அவர்கள் காப்பி கொடுத்து நன்றாகப் பேசினார்கள், கடைசியில் என் பெயரைச் சொல்லி "எந்த வகுப்புல திருப்பி உக்கார வைக்கறது இன்ஆம், அவ வயசுப் பிள்ளைங்க இப்பத்தான் பத்தாவதுக்கு வந்திருக்காங்க, அவங்களோட உக்காந்து என்ன செய்வா" என்றார்கள். தூக்கி விடும்போது எல்லாருக்கும் தெரிந்தது, இறக்கி விட ஒரு படி வேண்டுமே என்று யாரும் யோசிக்கவில்லை. இங்கே இருந்தாலும் அவள் தனி, அங்கே போனாலும் தனி. அங்கேயாவது அவளுக்குத் தெரியாதது ஏதாவது சொல்லித் தருவார்கள். இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் உன் வாப்பா என்னோடு பேசவில்லை, நானும் மக்தூஸ் ஊறுகாய் போடவில்லை, கத்தரிக்காய் சாக்கோடு வாடிப்போயிற்று, எண்ணெயில் ஊறப்போட யாருக்கு மனது இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நானே கமிட்டித் தலைவரைப் பார்க்கப் போனேன், லுஜைனையும் கூட்டிக்கொண்டு. கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் ஒரு வருடத்துக்குள் இவளுக்கு முடியவில்லை என்றால் வீட்டுக்கு வந்துவிடலாம், இவள் இடம் இரண்டு வருடம் அப்படியே இருக்க வேண்டும், அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். "அப்படி விதி எதுவும் இல்லம்மா" என்றார். "பதினாலு வயசுப் பிள்ளைய சேக்கறதுக்கும் விதி இல்ல, நீங்களா ஒண்ணு போட்டீங்கல்ல, இதுக்கும் ஒண்ணு போடுங்க" என்றேன். உள்ளே போனார், வந்தார், போன் பேசினார், மறுபடி உள்ளே போனார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். அப்புறம்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

இதற்காவது பிள்ளை சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், பஸ் நிற்கும் இடத்தில் என்னோடு சண்டை. "நான் இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள திரும்பி வர ஏற்பாடு பண்ணிட்டியா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு பக்கம் வாப்பா, ஒரு பக்கம் நீ, இப்போது இவளும். எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை, "எல்லாருக்கும் நான்தானா கெட்டவ" என்று அங்கேயே, ஜனங்கள் பார்க்க, கத்திவிட்டேன்.  பிறகு, "நான் தோத்துட்டு வந்தா என்ன செய்வே" என்று கேட்டாள். கதவைத் திறப்பேன் என்றேன். "ஏன் வந்தேன்னு கேக்க மாட்டியா" என்றாள். கேட்க மாட்டேன் என்றேன். "வாப்பா?" என்றாள். "அவர நான் பாத்துக்கறேன்" என்றேன். பஸ் வந்தது. ஏறும்போது, "அப்ப சரி, போறேன்" என்றாள்.

ஸவ்ஸன், அவள் அதைச் சொன்ன பிறகு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு கோடை முழுக்க ஒரு கமிட்டி, ஒரு பேராசிரியர், ஒரு தலைமையாசிரியை, ஸ்வீடனிலிருந்து நீ, கோழிக்கடையிலிருந்து உன் வாப்பா, எல்லோரோடும் மல்லுக்கட்டிக்கொண்டு நான், அவள் தயாரா, தயாரா என்று இத்தனை பேர் பேசினோமே, அவளுக்கு வேண்டியிருந்தது, தோற்று வந்தாலும் கதவைத் திறப்பேன் என்ற இந்த ஒரு வார்த்தை, அதை யாருமே சொல்லவில்லை. தயாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. வகுப்பு அடுத்த ஞாயிறு தொடங்குகிறது.

உனக்கும் மருமகனுக்கும் குழந்தைக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தரட்டும், கண்ணேறு படாமல் காக்கட்டும். அவளுக்காகவும் துஆ செய். போன் செய்யும்போது என்ன மார்க், எத்தனாவது இடம் என்று அவளிடம் கேட்கிற பழக்கத்தை விட்டுவிடு, வாப்பா கேட்பதே போதும். நீ அங்கே போன புதிதில் பாஷை தெரியாமல் குளியலறையில் உட்கார்ந்து அழுதாயே, அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாய், முடிந்தால் அவளிடம் சொல். ரொட்டியில் தொட்டுக்கொள்ள சஃதர் பொடிப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், ஈரம் படாமல் வை.

துஆவுடன்,
உன் மேல் இன்னும் கொஞ்சம் கோபத்தில் இருக்கும் உன் உம்மா
இன்ஆம்