சாக்கடைக்கு அந்தப் பக்கம்

செப்டம்பர் 25, 2006
கவுன்சிலர் தேர்தலுக்கு மனு கொடுத்துவிட்டேன்! நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது பயமில்லை, சந்தோஷம்தான். எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு. கோவில்பட்டியிலிருந்து பிழைக்க வந்த தையல்காரி ஜோதிமணி, ஓசூர் கவுன்சிலர்! எழுதிப் பார்க்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் யாரையோ திட்டிக்கொண்டு நின்றது போதும்.

அக்டோபர் 1
தையல் மிஷின் சின்னம் கேட்டேன், கத்தரிக்கோல் கொடுத்தார்கள். இவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரே சிரிப்பு. "தைக்கிறவளுக்கு வெட்டுறதக் குடுத்துருக்கான் பாரு!" கருப்பசாமி ஐயாவுக்கு நக்கல். பெண்டாட்டி ஜெயித்தால் தெரியும்.

அக்டோபர் 5
சாக்கடைக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் என்ன வரவேற்பு! வெங்கடம்மாள் என்று ஒரு அம்மா மோர் கொடுத்து, அக்கம்பக்கத்தையெல்லாம் தெலுங்கில் கூப்பிட்டுக் கூட்டிவிட்டார். அங்கே குழாயே இல்லை. போட்டுத் தருகிறேன் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொன்னேன். நாளையும் அங்கேதான். ஜெயித்த மாதிரிதான்!

அக்டோபர் 9
ஐயோ. ஐயையோ. சாக்கடைதான் எல்லையாம்! அந்தப் பக்கம் முழுக்க அடுத்த வார்டு. எனக்கு ஓட்டே இல்லாத வீடுகளில் இத்தனை நாள் மோர் குடித்திருக்கிறேன்.

வெங்கடம்மாளிடமே கேட்டேன், "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"நீ அவ்ளோ சந்தோசமா பேசினியேம்மா. எப்பிடிச் சொல்றது?"

லூசு, லூசு. ஒரே சாக்கடையிலதான் குப்பை கொட்டுறோம், ஒரே வார்டுன்னு நானா நெனச்சுக்கிட்டேன். வீடு வீடா ஓடுற அவசரத்துல ஒருத்தர்கிட்டயாவது கேட்டேனா?

அக்டோபர் 10
இன்றிலிருந்து இந்தப் பக்கம். விடமாட்டேன்.

அக்டோபர் 12
காலையில் கதவைத் திறந்தால் வெங்கடம்மாளும் அவர் தெருப் பெண்களும் நிற்கிறார்கள்! "இந்தப் பக்கம் பாதிப்பேர் எங்க சொந்தம். நீ வா." என் தமிழுக்குத் தலையை மட்டும் ஆட்டிய வீடுகளில் அவர் தெலுங்கிலும் கன்னடத்திலும் வெளுத்து வாங்கினார். கத்தரிக்கோல் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. குதிக்கலாம் போல இருந்தது.

அக்டோபர் 16
ஓட்டுப் பதிவு முடிந்துவிட்டது. எண்ணுவதற்கு இன்னும் இரண்டு நாள்.

அக்டோபர் 18
ஜெயித்துவிட்டேன்! கொஞ்ச ஓட்டுதான் வித்தியாசம், ஆனால் ஜெயித்துவிட்டேன்! இவர் கம்பெனி யூனிஃபார்மோடு ஓடி வந்து எல்லார் முன்னாலும் அழுதார். நக்கல் எங்கே போயிற்றோ.

அக்டோபர் 27
பதவி ஏற்றபின் முதல் ஆளாக வாசலில் வெங்கடம்மாள். பின்னால் அவர் தெருப் பெண்கள், இடுப்பில் காலிக் குடங்கள்.

"அம்மா, உங்க பக்கத்துக்கு வேற கவுன்சிலர் இருக்காரே..."

"அவரு எங்க தெருவுக்கே வர்ல. கையப் புடிச்சுச் சொன்னது நீதானே?"

செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு அடுத்த வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் குடங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது என் வார்டும்மா."

"தெரியும் சார். குழாய் போட்டுத் தர்றேன்னு சொன்னது நான்."