ஏழு மணிச் செய்தி

பெரியவனே,

"ஊர் ஊராச் சுத்திக்கிட்டே ஆன்லைன்ல கடை நடத்த என்ன வேணும், சொல்லு பாப்போம்?" என்று ஒருமுறை எனக்கே பரீட்சை வைத்தாய். "முகம் கொடுத்துப் பேசத் தெரியணும்" என்றேன். சிரித்தாய். "போ டீச்சரம்மா! ஒரு லேப்டாப், நல்ல நெட், நான் தூங்கினாலும் குறிச்ச நேரத்துக்குத் தானா மெசேஜ் அனுப்புற ஒரு ஆப். அது போதும்."

இத்தனை நாள் அணைந்து கிடந்த அப்பாவின் போனை இன்று காலைதான் சார்ஜ் போட்டேன். ஏழு மணிக்கு அதில் உன் செய்தி வந்தது: "அப்பா, வாக்கிங் போனீங்களா? முட்டி வலி எப்படி இருக்கு?"

அவருடைய மரணச் சான்றிதழை வாங்கி வந்தவனே நீதான். அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

உன் தங்கையிடம் காட்டினேன். "அது தானா போறதும்மா. வருஷம் முழுக்கச் சேர்த்துப் போட்டு வச்சிருப்பான்" என்றாள்.

வகுப்புக்கு வராதவனுக்காகப் பக்கத்திலிருப்பவன் "உள்ளேன் டீச்சர்" என்பான். அவனையாவது பெஞ்சு மேல் ஏற்றலாம். உன் ஆப்பை நான் எங்கே நிற்க வைப்பது? உன்னிடம் தோல்பை வாங்குகிறவர்களுக்கு அப்படி அனுப்பு, அது வியாபாரம். பெற்றவருக்குமா?

இன்றைய செய்திகூடப் போகட்டும். தினமும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் அந்த மனுஷர் உனக்குப் பதில் தட்டுவார். பிறகு, "பாத்தியா, எங்க இருந்தாலும் ஏழு மணிக்கு நம்மள நினைச்சுடுவான்" என்று என்னிடம் பீற்றிக்கொள்வார். அவற்றில் ஒன்றையாவது படித்தாயாடா?

என்னைக் கூப்பிடுவது அப்புறம் இருக்கட்டும். இன்று கடையை மூடிவிட்டு உட்கார். அப்பாவின் பதில்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாக, வாய்விட்டுப் படி.

அம்மா