கயிறு பிடித்த மச்சான்

1991 ஒக்டோபர், ஞாயிறு. டூட்டிங்.

தங்கையின் புருசன் அன்ரன் கடலுக்கடியில் இருந்தபோது நான் கயிற்றைக் கைவிட்டுவிட்டேன்.

ஸ்கொட்லாந்துக் கடலில் தாண்டு அடியில் கிடந்த மீன்பிடிக் கப்பலில் சாமான் எடுக்க இறங்கியிருந்தான். முதுகில் காற்றுச் சிலிண்டர் இருந்தும், மன்னார் முத்துக்குளிப்பு வழக்கப்படி பெண்சாதியின் அண்ணன்தான் கயிறு பிடிக்கவேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனான். தங்கையை விதவையாக்க எந்த அண்ணனும் விடமாட்டானாம்.

முதலில் கப்பலின் பித்தளை மணி மேலே வந்தது. கயிற்றைக் காலடியில் போட்டுவிட்டு, மணியைச் சுரண்டி விலை மதித்துக்கொண்டிருந்தேன். குளிரில் விறைத்துப்போய் அவன் கயிற்றை இழுத்தது எனக்குத் தெரியவில்லை. வெள்ளைக்காரப் படகுக்காரன்தான் பாய்ந்து தூக்கினான்.

"மணி நல்ல விலை போகுமோ மச்சான்?" என்றான் அன்ரன், நீலம் பாரித்த உதட்டோடு.

"தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதை."

"ஓம். அப்ப மணி எனக்கு."

அப்போதும் பாதி கேட்டேன். முழுவதும் அவனுக்கென்று முடிந்தது.