உன் படத்துக்குக் கீழே என் வாய்ச்சொல்

இராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உனக்கு பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். நீ போய் ஒரு வருசம் ஆகிவிட்டதாம். கம்பெனியில் பேண்டேஜ் துணியை வெளுப்பதுபோல உன் முகத்தை வெளுத்துப் போட்டிருக்கிறார்கள். கன்னத்து மருவைக்கூடக் காணோம். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பஸ் வருவதற்குள் படத்துக்குக் கீழே இருந்ததைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். "ஊருப் புண்ணுக்குத் துணி சுத்துறோம், எங்க புண்ணுக்கு யாரு துணை?" முன்னாலும் பின்னாலும் சின்னச் சின்னதாகக் கொக்கி போட்டிருந்தது. கூட வந்த மருமகளிடம் கேட்டேன்.

"இது என்னத்தா கொக்கி?"

"அவிய வாயால சொன்னதுன்னு அர்த்தம் அத்தை. அப்படியே எடுத்துப் போட்டிருக்காவ."

"அவ சொன்னதா?"

"பெறகு? ஊருக்கே தெரியுமே."

ஊருக்குத் தெரிந்தது ஒன்று, நமக்குத் தெரிந்தது ஒன்று. நீ போய்விட்டதால் இனி அது எனக்கு மட்டும்தான் தெரியும். செத்தவர்களைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு, செத்தவர்கள் யாரும் கெடுதல் செய்திருக்க மாட்டார்கள்.

வத்திராயிருப்பிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் பேண்டேஜ் கம்பெனிக்கு வந்து போனோம். ஒரு சீட்டு கிடைத்தால் இளையவள் நீ உட்காருவாய், என் தூக்குச்சட்டியை மடியில் வாங்கி வைத்துக்கொள்வாய். இறங்கின பிறகு அதையே பெரிய உபகாரம்போலச் சொல்லிக்காட்டுவாய். அப்போதே எனக்கு உன்னைத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டிங் மிஷினில் நமக்கு வேலை. நீளமாகச் சுருட்டிய துணியை நான் கத்திக்குத் தள்ளிக் கொடுப்பேன்; எதிர்ப்பக்கம் நின்று நீ துண்டுகளை அள்ளுவாய். கத்திக்கு மேலே இரும்பு மூடி ஒன்று உண்டு. அது இருந்தால் கை தப்பிக்கும், வேலை மெதுவாக ஓடும். அன்றைக்குச் சூப்பர்வைசர் வந்து ஸ்பானர் போட்டு அதைக் கழற்றி மூலையில் வைத்தான். "சாயங்காலம் லோடு போகணும். மூடியும் கீடியும் பொறவு பாப்போம்" என்றான். நீ சிரித்தாய். "மூடி இல்லாம மிஷின் அம்மணமால்லா நிக்கி" என்றாய். நானும் சிரித்தேன். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் என் கையில் இரண்டு விரல் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு நீ பால்கோவாப் பொட்டலத்தோடு வந்தாய். கட்டிலில் உட்காரவில்லை, கால்மாட்டில் நின்றாய்.

"மொதலாளி கூப்பிட்டுக் கேட்டாருக்கா. நீயாத்தான் மூடியக் கழத்துனன்னு சூப்பர்வைசர் சொல்லுதான்."

"நீ என்ன சொன்ன?"

"நான் பாக்கலன்னு சொல்லிட்டேன்."

"அம்மணமா நிக்கின்னு சொன்னவ யாருட்டி?"

நீ பொட்டலத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாய். "எனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்குல்லாக்கா. என்னையும் நிறுத்திட்டா நான் எங்க போவேன்?"

என் கை முழுக்கக் கட்டு. நாம் சுற்றுகிற அதே துணி. அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்: "ஊருல உள்ள புண்ணுக்கெல்லாம் துணி சுத்துறோம். எம் புண்ணுக்கு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாயில்ல. இனிமே அந்த வாய் எது பேசினாலும் பொய்தாண்டி." பால்கோவாவை ஆயாவிடம் கொடுக்கச் சொன்னேன். நீ போனாய். அதற்குப் பிறகு நாம் பேசவே இல்லை.

அஜாக்கிரதைக்காரி என்று என்னை நிறுத்தினார்கள். வேறு கம்பெனிக்குப் போனால் கையைப் பார்ப்பார்கள், பிறகு ஆள் தேவையில்லை என்பார்கள். தென்னந்தோப்பில் மட்டை இழுத்தேன். விரலைவிட அந்தப் பெயர்தான் வலித்தது. கவனமாக வேலை பார்ப்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதை நீ தின்றாய்.

சில வருசம் கழித்துக் கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போனீர்கள். என் பஸ்ஸை மறித்துக்கொண்டு கூட்டம் போனது. வேனில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நீ. முதல் பாதியை நீ சொல்ல, அடுத்த பாதியைக் கூட்டம் சொன்னது. ஊருப் புண்ணுக்குத் துணி சுத்துறோம் என்று நீ சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒனக்கு வாயில்ல என்று நான் சொன்ன இடத்தை வெட்டிவிட்டு, யாரு துணை என்று ஒட்டுப் போட்டிருந்தாய். கத்தி வைக்கிற இடம் உனக்கு நன்றாகத் தெரியும். ஜன்னலில் என்னைப் பார்த்தாய். குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாய்.

இல்லாததைச் சொல்ல மாட்டேன். அந்தக் கோஷத்தால் கூலி ஏறியது. மிஷினுக்கெல்லாம் கழற்ற முடியாத மூடி வந்தது. உன் பொய் எத்தனையோ பேர் கையைக் காப்பாற்றியிருக்கிறது. என் உண்மை ஒரு கையையும் காப்பாற்றவில்லை. ஆனால் வேன் மேலே நின்ற அத்தனை நாளில் ஒரு நாளாவது, அன்றைக்கு மூடியைக் கழற்றியது யார் என்று மைக்கில் சொல்லியிருக்கலாம். அப்போது உன்னை நிறுத்த எந்த முதலாளிக்கும் தைரியம் கிடையாது.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உனக்கு நினைவுக் கூட்டம். உன் மகள் வீட்டுக்கே வந்து கூப்பிட்டாள். "அம்மாகூட மொத மொதல்ல வேல பாத்தவிய நீங்கதான் பெரியம்மா. ரெண்டு வார்த்த பேசணும்." போனேன். உன்னைப் புகழ அல்ல. அந்த வார்த்தைகள் யாருடையவை, யாரைப் பார்த்துச் சொன்னவை என்று உன் படத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். என் பெயரில் ஒட்டிய அஜாக்கிரதை அன்றோடு கழுவிப் போக வேண்டும்.

மைக்கைக் கொடுத்தார்கள். நடந்ததை நடந்தபடி சொல்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன சொல்லிலேயே தொடங்கினேன். "ஊருல உள்ள புண்ணுக்கெல்லாம் துணி சுத்துறோம்" என்றேன். மூச்சு வாங்குவதற்குள் கூட்டம் முழுக்கக் கையைத் தூக்கி, "எங்க புண்ணுக்கு யாரு துணை" என்றது. பழக்கம். "செத்த நேரம் பொறுங்க, நான் சொல்லுதத முழுசாக் கேளுங்க" என்று மறுபடி தொடங்கினேன். எடுத்துக் கொடுக்கிறேன் என்று நினைத்து முன்னைவிடச் சத்தமாகக் கத்தினார்கள். மூன்றாம் தடவை வாயைத் திறந்தபோது ஒருத்தி எழுந்து விசிலடித்தாள். என் பாதியை அத்தனை வாயும் சேர்ந்து அமுக்கியது. கை தட்டினார்கள். எனக்கு ஒரு துண்டு போட்டார்கள்.

கீழே இறங்கியதும் உன் மகளை ஓரமாக இழுத்து மிச்சத்தைச் சொன்னேன். மூடியிலிருந்து பால்கோவா வரைக்கும், ஒரு சொல் விடவில்லை. அவள் முகம் கறுக்கும் என்று நினைத்தேன்; கறுக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவள் போனைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

"நீங்க சொன்னதும் நல்லாத்தான் இருக்கு பெரியம்மா. ஆனா ரொம்ப நீளம். கூட்டத்துக்குச் சேராது."

உன் வயிற்றில் பிறந்தவள்தான்.

கோஷத்துக்கு ஊரெல்லாம் வாய். நீ செத்தாலும் இன்னொருத்தி எடுத்துக் கொடுப்பாள். நான் சொன்னது ஒருத்தியைப் பார்த்துச் சொன்னது. இன்னொருத்தி முகத்துக்கு நேரே அதைச் சொன்னால் வெறும் வைவுதான். அதனால் உனக்கே சொல்கிறேன்; நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். உன்னை மன்னித்தேன் என்று முடித்தால் இந்த மடல் அழகாக இருக்குமாம்; அவள் சொல்கிறாள். சின்னதாகவும் இருக்கும், மேடையில் வாசித்தால் எல்லாரும் கை தட்டலாம். அதற்காகவே அதை எழுதவிட மாட்டேன். நான் அன்றைக்குச் சொன்னதை முழுசாக வைத்திருக்கிறேன், ஒரு சொல் குறையாமல்.